கோன்செட் மாற்றின பிறகு பண்டகசாலைச் சந்து

லிங்கதுரை தன் பழைய மோட்டார் சைக்கிளுக்குக் கோன்செட் மாற்றி, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஹேண்டிலை வலது பக்கம் ஒரு திருப்பு திருப்பின காலையில், பண்டகசாலைச் சந்து மொத்தமும், வீடும் வாசலும் குழாயடியும் கொடியில் காய்ந்த துணியுமாகச் சேர்ந்து வலது பக்கம் திரும்பியது. குழாயடியில் குடத்தோடு நின்ற எஸ்தர் அக்கா, தண்ணீர் சிந்தாமல் குடத்தை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "ஏய் லிங்கதுரை, வெயில் நேரா கண்ணுல அடிக்குடே, கொஞ்சம் இந்தப் பக்கமா வை" என்றாள். அவனும் வைத்தான். யார் என்ன கேட்டாலும் செய்து கொடுக்கிற ஆள் அவன்.

அதுதான் அவனுக்கு வந்த வினையும். முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

தூத்துக்குடியில் பண்டகசாலைச் சந்து ஒரு முட்டுச்சந்து. வடக்கே பார்த்து மார்க்கெட் ரோட்டில் வாய் திறந்திருக்கும். தெற்கே, உப்பு மூட்டை அடுக்கி வைத்திருந்த பழைய கிட்டங்கியின் சுவரில் போய் முட்டி நிற்கும். அந்தச் சுவரை ஒட்டின கடைசி வீடு லிங்கதுரையுடையது. உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார்களை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் அவன் வேலை, ஆனால் உப்பளத்தில் பார்த்ததைவிடச் சந்துக்குள் பார்த்த வேலைதான் அதிகம், ஏனென்றால் யார் வீட்டு மிக்சி நின்றாலும் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் யார் வீட்டுப் பந்தலுக்குக் கம்பு நடணும் என்றாலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விடுவான், தட்டில் மிச்சச் சோறு காய்ந்து கிடக்கும், எதிரே அவன் பெண்சாதி ராஜகனி உட்கார்ந்து அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரே பையன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், பொங்கலுக்கு வருவான். மற்றபடி வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

ஊரில் எல்லாருடைய மோட்டாருக்கும் எண்ணெய் போட்ட லிங்கதுரை தன் வண்டியை மட்டும் அப்படியே விட்டுவிட்டான். கல்யாணத்துக்கு முந்தி வாங்கின வண்டி அது. ராஜகனியை உடன்குடியிலிருந்து அழைத்துக்கொண்டு வந்ததும் அதில்தான், அவள் கோபித்துக்கொண்டு பிறந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் போய்க் கூட்டிவந்ததும் அதில்தான். வண்டியின் கழுத்துக்குள் மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம், அவற்றுக்குள் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள், அதைத்தான் மெக்கானிக்குகள் கோன்செட் என்பார்கள்; அந்தக் குண்டுகள் உருளுவதால்தான் ஹேண்டில் திரும்புகிறது. வருஷக்கணக்கில் நேரே போய்க்கொண்டே இருந்தால் குண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து கிண்ணத்தில் பள்ளம் விழுந்துவிடும், அப்புறம் ஹேண்டில் அந்தப் பள்ளத்தை விட்டு எழும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும், பிரேக் பிடித்தால் டக் டக்கென்று சத்தம் வரும். ராஜகனி ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், டக் டக்குன்னு கேக்குதே, அது என்னன்னு பாக்கப்படாதா என்று. பார்க்கலாம் பார்க்கலாம் என்றான்.

மழைக்கு முந்தின வாரம், உடன்குடியில் அவள் அக்கா கட்டின புது வீட்டுப் பால்காய்ப்புக்கு இரண்டு பேரும் கிளம்பினார்கள். போகிற வழியில் ஒருத்தர் பம்புசெட்டைப் பார்த்துவிட்டு, இன்னொருத்தருக்கு ஒரு பெல்ட் கொடுத்துவிட்டு, பால் காய்ச்சி எல்லாரும் குடித்து முடித்திருப்பார்கள் என்கிற நேரத்தில் ஆறுமுகநேரி உப்பளத்து வளைவுக்கு வந்தார்கள். ரோடு வளைந்தது. ஹேண்டில் வளையவில்லை. பள்ளத்தில் உட்கார்ந்த குண்டுகள் உட்கார்ந்தபடியே இருக்க, வண்டி நேராகப் போய்ப் பாத்திக்குள் இறங்கியது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. ராஜகனி பட்டுச்சேலையில் உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்து, "இந்த வண்டில இனி நான் ஏற மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ரோட்டுக்கு வந்து கை காட்டி, திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

லிங்கதுரை என்ன நினைத்தான் தெரியுமா? சண்டை ஹேண்டிலைப் பற்றித்தான் என்று நினைத்தான். மோட்டாரோடு பழகின ஆளுக்கு அப்படித்தான் தோன்றும். பழுது எங்கே என்று தெரிந்துவிட்டது, பழுதைச் சரி செய்தால் பெண்சாதி வந்துவிடுவாள், அந்த வண்டியிலேயே போய்க் கூட்டிவந்துவிடலாம்.

மழைக்காலம், உப்பளத்தில் வேலை கிடையாது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கினான். முன்சக்கரத்தைக் கழற்றினான், ஹெட்லைட்டைக் கழற்றினான், மேலே இருக்கிற பெரிய நட்டைத் தளர்த்தி, கீழே பழைய வேட்டியை விரித்து, இரண்டு கம்பும் சேர்ந்த அந்த முன்கவட்டை மெல்லக் கீழே இறக்கினான். குண்டுகள் பொலபொலவென்று வேட்டியில் உதிர்ந்தன. நீளக் கம்பியை உள்ளே விட்டு, ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச் சுற்றித் தட்டிப் பழைய கிண்ணங்களை எடுத்தான். புதுக் கிண்ணங்களை முந்தின நாளே எஸ்தர் அக்கா வீட்டு ஃபிரிட்ஜில், மீனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான், குளிரில் கொஞ்சம் சுருங்கினால் கழுத்துக்குள் லேசாக இறங்கும் என்று. இறங்கியது. கிரீஸை அப்பி, அதில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து, நெருக்கியடிக்காமல் ஒரு குண்டு அளவு இடம் விட்டு, கவட்டை மேலேற்றி, நட்டை இறுக்கி, ஒரு மயிரிழை தளர்த்தி, ஹேண்டிலை வலது பக்கம் திருப்பினான். அப்போதுதான் சந்து திரும்பியது.

வலது பக்கம் திருப்பினால் சந்தின் வாய் வலது பக்கம் போனது, இடது பக்கம் திருப்பினால் இடது பக்கம். கிட்டங்கிச் சுவரை ஒட்டின லிங்கதுரை வீடு நின்ற இடத்திலேயே கொஞ்சம் முறுக்கிக்கொண்டது, அவ்வளவுதான்; வாய்ப்பக்கத்து வீடுகள் நன்றாகவே நகர்ந்தன. நகர்ந்த வழியில் கிடந்த கடை கண்ணி, பாங்கு, கல்யாண மண்டபம் எல்லாம் அந்த நேரம் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டிருக்கும்.

சாயங்காலம் லிங்கதுரை சக்கரத்தை மாட்டி வண்டியைக் கீழே இறக்கிப் பார்த்தான். சக்கரம் தரையைத் தொட்டதும் சந்து ஒரு குலுக்குக் குலுங்கி மார்க்கெட் ரோட்டுக்கே வந்து நின்றுகொண்டது, அதற்கப்புறம் ஹேண்டிலை எப்படித் திருப்பினாலும் சக்கரம்தான் திரும்பியது. சக்கரம் மாட்டினால் வண்டி வண்டியாகிவிடும், சந்து சந்தாகிவிடும். மறுநாள் காலையில் கிளம்பிவிடலாம் என்று வண்டியைத் துடைத்து வைத்தான்.

மறுநாள் காலையில் மழை. எப்போது மழை பெய்தாலும் முட்டுச்சந்துக்குள் தண்ணீர் வந்து முழங்கால் மட்டும் நிற்கும், மூன்று நாள் வடியாது. பிச்சையா சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் அளைந்து அளைந்து வந்தார். துறைமுகத்து எடைமேடையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், சந்துக்குச் சங்கத் தலைவர், வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டுக் கறை பட்டு யாரும் பார்த்ததில்லை. தம்பி லிங்கதுரை, இந்தச் சந்தைக் கொஞ்சம் கடல் பக்கமாகத் திருப்பி வைத்தால் தண்ணீர் தானாக ஓடிவிடுமே, ஒரு மணி நேர வேலை, அப்புறம் நீ பாட்டுக்கு உடன்குடி போயிட்டு வா என்றார். நியாயம்தானே? லிங்கதுரை கட்டையைக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டிலை வலது பக்கம் ஒடித்தான். தண்ணீர் முழுக்கக் கடலுக்குள் போய் விழுந்தது. சந்துக்காரர்கள் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள், ஒரு வயசாளி சந்தின் வாயில் உட்கார்ந்து காலை அலையில் நனைத்துக்கொண்டார்.

அதோடு விட்டார்களா? தண்ணீர் வடிந்த மறுநாள், பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்துக்கு இடது பக்கம் கொஞ்சம் திருப்பினால் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டாமல் நேரே பள்ளிக்கூட வாசலில் இறங்கிவிடும் என்றார்கள், திருப்பினான். பத்து மணிக்கு மார்க்கெட், திருப்பினான். மத்தியானம் மீன் வந்து இறங்குகிற கரை, திருப்பினான். சாயங்காலம் ஒரு சாராருக்குக் கோயில், ஒரு சாராருக்கு மாதா சர்ச், முதலில் ஒன்று, பிறகு ஒன்று என்று பிச்சையா சார் பேசித் தீர்த்துவைத்து, துறைமுகத்தில் ஊதின பழைய விசிலைத் தேடி எடுத்து, சந்து திரும்பப் போகும்போதெல்லாம் ஒரு ஊது ஊதினார், அடுப்பில் குழம்பு இருக்கிறவர்கள் சட்டியைப் பிடித்துக்கொள்வதற்காக. மேற்குப் பார்த்த வாசல் என்று இரண்டு வருஷமாக ஆள் வராமல் பூட்டிக் கிடந்த வீட்டுக்காரர், வாடகைக்கு வீடு பார்க்க வருகிறார்கள், அந்த அரை மணி நேரம் மட்டும் முழுசாக வலது பக்கம் ஒடித்து வைத்தால் வாசல் ஏறக்குறைய வடக்காகிவிடும் என்று வந்து நின்றார். வந்தவர்கள் போனில் திசை பார்த்தார்கள், வடக்கு என்று காட்டியது, அட்வான்ஸ் கொடுத்துக் குடிவந்தார்கள். வந்த பிறகு வாசல் நாளெல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்ததைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, அவர்களுக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தது.

வெளியாட்களுக்குத்தான் திண்டாட்டம். கூரியர் கொண்டுவருகிற பையன் போன் பண்ணி, நீங்க சொன்ன இடத்திலேதான் நிக்கேன், இங்ஙன சந்தே இல்லையே என்பான். எஸ்தர் அக்கா, அங்ஙனையே நில்லுடே, பதினோரு மணிக்கு அங்க வந்துருவோம் என்பாள். மாநகராட்சியிலிருந்து ஒருவர் டேப்போடு வந்து நீளம் அகலம் அளந்து பார்த்து, அளவு மாறவில்லை, வரி திசைக்குப் போடுவதில்லை என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் போனார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார், அவர் முன்னாலும் அப்படித்தான்.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. பழைய கோன்செட்டாக இருந்திருந்தால் பள்ளத்தில் உட்கார்ந்து நிற்கும். இது புதுசு, வழுவழுவென்று இருக்கிறது. கையை எடுத்தால் ஹேண்டில் தன் கனத்திலேயே ஒரு பக்கமாகச் சாயும், பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டிய சந்து ஐஸ் பாக்டரி வாசலுக்குப் போய்விடும். நட்டை நன்றாக இறுக்கிவிட்டால் நிற்குமே என்று பிச்சையா சார் யோசனை சொன்னார். இறுக்கினால் குண்டு கிண்ணத்தை அழுத்திப் புதுசிலும் பள்ளம் விழுந்துவிடும், அப்புறம் ராஜகனியை எப்படி அதில் ஏற்றுவது? அதனால் லிங்கதுரை கையால் பிடித்துக்கொண்டு நின்றான். காலையில் பிடித்தால் சாயங்காலம் வரைக்கும் நின்றான். எல்லா வீட்டிலிருந்தும் சோறு வந்தது, தோசை வந்தது, பொரித்த மீன் வந்தது. ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு ஒரு கையால் பிடித்துக்கொண்டான். சந்துக்காரர்கள் ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது, ஒரு பெண்ணாள் அவன் உட்காருவதற்கு நாற்காலி கொண்டுவந்து போட்டாள், ஒருவர் குடை பிடித்தார். ஆனால் ஹேண்டிலைப் பிடிக்கட்டுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அவனும் பிடியுங்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவன் பிடித்தால்தான் சந்து திரும்பும் என்று அவர்கள் நினைத்தார்கள், அவனும் அப்படியே நினைத்தான், அதில் அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இருக்காதா பின்னே.

தனக்காகவும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தான். விடியக்காலம், விசில் ஊதுவதற்கு முன்னால், வலது பக்கம் எவ்வளவு போகுமோ அவ்வளவு ஒடித்தான், கடல் வந்தது. இடது பக்கம் எவ்வளவு போகுமோ அவ்வளவு ஒடித்தான், ரயில்வே கேட் வந்தது. உடன்குடி தெற்கே இருக்கிறது, சந்தின் முதுகுப் பக்கம், கிட்டங்கிச் சுவருக்கு அந்தாண்டை. எந்த ஹேண்டிலும் அவ்வளவு தூரம் திரும்பாது, கழுத்தில் தடுப்பு இருக்கிறது. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் அவளுடைய கொலுசுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, அது இல்லாமல் போன பிறகுதான் அது இருந்ததே அவனுக்குத் தெரிந்தது.

வாரம் இரண்டு மூன்று ஆகியிருக்கும். அவனுடைய சகலை, ராஜகனியின் அக்கா புருஷன் கதிரேசன், போன் பண்ணினான். சென்னையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் பொறுப்புக்கு ஆள் கேட்டார்களாம், ராஜகனி சரி என்று சொல்லிவிட்டாளாம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உடன்குடியிலிருந்தே பஸ். "போனா திரும்பி வருவான்னு எனக்குத் தோணல சகலை" என்றான் கதிரேசன். வண்டி இன்னுமா சரியாகவில்லை என்றும் கேட்டான். ஆகிவிட்டது, சக்கரம்தான் மாட்டணும், பத்து நிமிஷ வேலை என்றான் லிங்கதுரை.

சனிக்கிழமையே பிச்சையா சாரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சக்கரத்தை இறக்கிவிடுவேன், போய் அவளைக் கூட்டிவரணும் என்று சொல்லிவிட்டான். சாருக்கு முகம் சுருங்கியது, ஆனாலும் போயிட்டு வாப்பா, குடும்பம்தானே முக்கியம் என்றார். சந்துக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்கே எல்லாரும் மார்க்கெட்டுக்கும் கடலுக்கும் போய்வந்து வேண்டியதை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் சந்துக்குள் வந்து சேர்ந்ததும் லிங்கதுரை சக்கரத்தைக் கையில் எடுத்தான். எஸ்தர் அக்காவின் மகள் ஷீபா, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தவள், இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று டாக்டர் சொன்னவள், சர்ச்சிலிருந்து வந்த சேலையோடு வாசற்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். இடுப்புவலி. ஆட்டோ அந்தச் சந்துக்குள் வராது. எஸ்தர் அக்கா ஒன்றும் கேட்கவில்லை, மகளைத் தோளில் தாங்கிக்கொண்டு லிங்கதுரையைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். சக்கரத்தைக் கீழே போட்டுவிட்டு ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினான், ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டு வாசல் சந்தின் வாய்க்கு நேரே வந்து நின்றது, ஷீபா நடந்தே உள்ளே போனாள்.

தலைப்பிரசவம் சட்டென்று முடிகிற காரியமா? துணி வேண்டும், வெந்நீர் வேண்டும், ரத்தம் கொடுக்க ஆள் போகணும், அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சந்து அந்த இடத்தை விட்டு இம்மி நகரக்கூடாது. லிங்கதுரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். வெயில் தலைக்கு மேலே வந்து, மெல்லச் சரியத் தொடங்கியது. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது, துடைக்கக் கை இல்லை. வேர்வை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

பிளாஸ்க்கை எடுக்க வந்த எஸ்தர் அக்காதான் நின்று பார்த்தாள். "நீ இன்னும் போகலியாடே? இன்னைக்குத்தான கனி கெளம்புதா?"

"எப்படிக்கா போக? வண்டி இப்படில்லா நிக்கி."

எஸ்தர் அக்கா பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். "உடன்குடிக்கு பஸ்ஸு இல்லையாடே?"

சந்து மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. திருச்செந்தூருக்கு நிமிஷத்துக்கொரு பஸ் போகிறது, அங்கிருந்து உடன்குடிக்கு வேண்டிய மட்டும் போகிறது, அந்தச் சந்தில் பாதிப் பேர் மாசத்துக்கு ஒரு தடவையாவது அதில் ஏறுகிறவர்கள். இத்தனை நாளில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை, லிங்கதுரைக்கும் தோன்றவில்லை.

"அவ வண்டில ஏற மாட்டேன்னு சொல்லிட்டாக்கா. அதான் அதைச் சரி பண்ணி..."

"ஏற மாட்டேன்னுதானலே சொன்னா. வண்டியக் கொண்டான்னா சொன்னா?"

எஸ்தர் அக்கா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டாள், அவளுக்கு அவள் கவலை. லிங்கதுரை ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றான். எதிரே பிச்சையா சார் கழுத்தில் விசிலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது, அந்த வார்த்தை அவன் வாயில் பழக்கமில்லை. அவன் வயசுக்கு யாரிடமும் ஒரு கை பிடிங்க என்று கேட்டதில்லை. கிட்டங்கியிலிருந்து மூட்டை இறக்கினாலும் தனியாகத்தான், காய்ச்சலில் கிடந்தாலும் தானே எழுந்துபோய்த்தான் தண்ணீர் குடிப்பான், ராஜகனி சொம்போடு பின்னாலேயே வந்து நிற்பாள்.

"சார், இதைக் கொஞ்சம் பிடிப்பீங்களா?"

பிச்சையா சார் எழுந்து நின்றார். தன் வேட்டியைப் பார்த்தார், கிரீஸ் அப்பிய ஹேண்டிலைப் பார்த்தார். எனக்குப் பழக்கமில்லையே தம்பி, நான் பிடிச்சா நிக்குமா என்றார். நிற்குமா என்று லிங்கதுரைக்கும் தெரியாது. சார் வந்து, அவன் கைக்கு மேலே கையை வைத்து, அவன் கையை உருவினதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சந்து லேசாக நடுங்கியது, ஒரு வீட்டில் தட்டு விழுந்தது, எதிர்ப்பக்கம் ஆஸ்பத்திரி வாசல் கொஞ்சம் இடம்பெயர்ந்து பிறகு ஒழுங்காக வந்து நின்றது. நின்றது, அவ்வளவுதான். யார் பிடித்தாலும் நின்றிருக்கும். லிங்கதுரைக்கு அந்த நிமிஷம் நெஞ்சில் சுருக்கென்று இருந்தது, இத்தனை நாள் அவன் நின்ற இடத்தில் வேறொருத்தர் நிற்கிறார், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அடுத்தது நான் பிடிக்கேன் என்று வடக்கு வாசல் வீட்டுக்குக் குடிவந்தவர் முன்னால் வந்தார், அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் லிங்கதுரை சந்தின் வாயைப் பார்த்து நடந்தான். இத்தனை நாளும் எல்லாரையும் எங்கெங்கோ இறக்கிவிட்டவன், அந்த வாய் வழியாகத் தான் ஒரு தடவையும் வெளியே போகவில்லை என்பது வாசலைத் தாண்டும்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் இறங்கி, வெளியே வந்து, டவுன் பஸ் பிடித்து, பஸ் ஸ்டாண்டில் திருச்செந்தூர் பஸ் ஏறினான். உட்கார இடமில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆறுமுகநேரி வளைவில் பஸ் வளைந்தது, ஒன்றும் விசேஷமில்லாமல் எல்லா பஸ்ஸும் வளைகிற மாதிரி வளைந்தது. திருச்செந்தூரில் பஸ் மாறும்போது எஸ்தர் அக்கா போன் பண்ணினாள், பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம், பிச்சையா சார்தான் ஹேண்டிலை யாரிடமும் விட மாட்டேங்கிறார், வேட்டியெல்லாம் கிரீஸு, டீ குடுத்தாலும் நின்னுக்கிட்டேதான் குடிக்காரு என்றாள். லிங்கதுரை பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தமாகச் சிரித்தான், பக்கத்தில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள்.

உடன்குடியில் கதிரேசன் வீட்டு நடையில் ராஜகனியின் பை கட்டித் தயாராக இருந்தது. அவள் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, அவனுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"வண்டி எங்க?"

"பஸ்லதான் வந்தேன்."

சந்தின் விவகாரமெல்லாம் அவளுக்கு எஸ்தர் அக்கா மூலமாகத் தெரியும். அதை யாரிடம் விட்டுவிட்டு வந்தீங்க என்று கேட்டாள், பிச்சையா சார் பிடித்திருக்கிறார் என்றான். ராஜகனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்த வெள்ளை வேட்டியோடா என்றாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அவராகவா வந்து பிடித்தார் என்று கேட்டாள்.

"இல்ல. நான்தான் கேட்டேன்."

"நீங்க கேட்டீங்க."

"ஆமா."

ராஜகனி கண் நிறைந்து வழிய வழியப் பேசினாள். "இருவத்திரெண்டு வருசம். ஊர்ல உள்ளவனெல்லாம் உங்ககிட்ட கேட்டான், நீங்க குடுத்தீங்க. நீங்க ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் கேட்டதில்ல. எங்கிட்டயும் கேட்டதில்ல. ஒரு சொம்புத் தண்ணிகூடக் கேட்டதில்ல. நான் எதுக்கு அந்த வீட்ல இருக்கேன்னு எனக்கே தெரியல. உப்புத் தண்ணிக்குள்ள விழுந்தன்னைக்கு எந்திரிச்சதும் மொதல்ல வண்டியத்தான தூக்குனீங்க."

பஸ்ஸில் நின்றபடி சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் லிங்கதுரைக்கு மறந்துபோயிருந்தது. நடையில் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கிரீஸ் ஒட்டின கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

"ஒத்தையில முடியல கனி. எனக்கு நீ வேணும். வருவியா?"

உள்ளே கதிரேசனும் அவள் அக்காவும் காதைக் கொடுத்தபடி நின்றார்கள். ராஜகனி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள், மூக்கை உறிஞ்சினாள், சென்னை பஸ் வருகிற ரோட்டைப் பார்த்தாள்.

"திருச்செந்தூருக்கு அடுத்த பஸ் எத்தன மணிக்கு?"

"தெரியாதே."

லிங்கதுரை எழுந்து தெருவுக்கு வந்தான். சைக்கிளில் வாழைத்தாரை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவரை நிறுத்தி, அண்ணாச்சி, திருச்செந்தூருக்கு அடுத்த பஸ் எப்போ என்று கேட்டான். அவர் சைக்கிளை நிறுத்தி, தாரை ஒரு கையால் தாங்கிக்கொண்டு யோசித்தார். யோசித்து அவர் பதில் சொல்வதற்குள் ராஜகனி செருப்பைப் போட்டுக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.